தலை எண்ணாத பந்தி

நெய்க் கரண்டியைத் தூக்கிய சரளா டீச்சர், தூக்கியபடியே நின்றுவிட்டார். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

அம்பகரத்தூருக்கு வெளியே, அறுவடை முடிந்து வெறும் தாளாய்க் கிடக்கும் வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய நெல் கிடங்கு. பங்குனி வெயிலில் தகரக் கூரை சூடேறி டக் டக்கென்று நெட்டி முறிக்கும் நேரம். தட்டுகளில் பருப்பு சாதம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பதினான்காவது தலைக்கு வந்திருப்பேன்.

வாசலிலிருந்து "எந்திரிங்க" என்று ஒரு குரல் வந்தது. அதட்டல்கூட இல்லை. பேருந்தில் இடம் விடச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்ன குரல்.

காளியம்மாள் நின்றிருந்தார். வயல்களில் ஆட்டுக்கிடை போட வரும் கூட்டத்தின் தலைவரைக் கீதாரி என்பார்கள். அந்தக் கீதாரியின் மனைவி இவர். ஆண்கள் ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போய்விட்டால், குடிசைகள், குட்டிகள், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இவர் வைத்ததுதான் சட்டம்.

பிள்ளைகள் வெளியே போனார்கள். கடைசியாகப் போன பொடியன் மட்டும் குனிந்து ஒரு கை சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். காளியம்மாள் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்.

என்னம்மா, உப்பு கூடிவிட்டதா என்று கேட்டேன். எந்தக் காரியம் கெட்டாலும் எனக்கு முதலில் உப்பின் மேல்தான் சந்தேகம் வரும்.

"ஆட்டையே எண்ண மாட்டோம் நாங்க. பெத்த புள்ளைய வெரல நீட்டி எண்ணுறீக" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

கிடங்கில் நானும் சரளா டீச்சரும் நிறைந்த தட்டுகளும் மிச்சம். டீச்சர் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். கோபத்தைக்கூட வாக்கியமாக அமைத்துத்தான் சொல்வார்.

"இனிமே நீங்க பருப்பை எண்ணுங்க சார். அது எழுந்து போவாது."

எண்ணியே பிழைத்தவன்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணுவது என் கெட்ட பழக்கம் அல்ல, என் உத்தியோகம்.

காரைக்காலில் புள்ளிவிவர அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தவன் நான். கிணறு எண்ணியிருக்கிறேன். பம்புசெட் எண்ணியிருக்கிறேன். தென்னைமரத்தை எண்ணப் போய், காய்க்காத மரத்தைச் சேர்க்கலாமா என்று ஒரு மிராசுதாரோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன். திருவேட்டக்குடியில் படகு எண்ணப் போனபோது ஒரு பெரியவர், "கரையில கெடக்குறதையா, கடல்ல இருக்குறதையா?" என்று கேட்டார். இரண்டையும் சேர்த்து என்றேன். "அப்ப சாயங்காலம் வாங்க, அதுங்க வந்தப்புறம் சொல்றேன்" என்றார். சாயங்காலம் போனால் அவர் கடலுக்குப் போயிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு அரசாங்கம் எதுவும் தரவில்லை. அதனால் கிடைத்ததை எண்ண ஆரம்பித்தேன். கடற்கரைச் சாலை விளக்குக் கம்பங்கள். அவற்றில் எரியாதவை. பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல். வீட்டில் இட்லி வெந்ததும் என் மனைவி ராஜேஸ்வரி பாத்திரத்தை மூடிவிடுகிறாள். "சாப்பிடறப்ப எண்ணாதீங்க, சாப்பிடறவங்களுக்கு உள்ள போவல" என்பது அவளுடைய கட்சி.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பகுதியில் ஓய்வூதிய அலுவலகத்து மரப் பெஞ்சுகளைப் பற்றி எழுதியிருந்தேன். பெஞ்சின் எண்ணிக்கை தவறு என்று ஒரு வாசகர் தொலைபேசியில் சண்டைக்கே வந்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்படியும் சில பேர் ஊரில் இருப்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவருக்குத் தெரியாது.

மூட்டையும் பையும்

கிடைக்காரர்களிடம் நாங்கள் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் குழப்பம் வரும்.

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக் கூட்டங்கள் எங்கள் பக்கம் நடந்தே வரும். பகலில் மேய்ச்சல். இரவில் ஒரு வயலில் வலை கட்டி ஆடுகளை அடைப்பார்கள். விடிந்தால் அந்த வயலுக்கு எரு தயார். மறுநாள் இரவு அடுத்த வயல். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஆற்றில் தண்ணீர் வரும் வரை இப்படியே நகர்ந்துகொண்டிருப்பார்கள். குடிசைகளும் மூங்கில் தட்டிகளும் கூடவே நகரும்.

ஒரு மாசி மாதம், காளி கோயிலுக்குப் போய்விட்டுப் பேருந்துக்கு நின்றபோது அவர்களைப் பார்த்தேன். உச்சி வெயில். வரப்போரம் பிள்ளைகள் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பழைய சோற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டியில் தண்ணீர்தான் இருந்தது. சோறு இருந்ததற்கு அடையாளம் மட்டும் தெரிந்தது. விசாரித்தேன். ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. அடுப்பு இங்கே இருக்கிறது. அடுப்பும் சாயங்காலம் ஒரு வேளைதான் எரியும்.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராஜேஸ்வரி ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

கடற்கரையில் சேர்ந்து நடக்கும் நாங்கள் நான்கு ஓய்வூதியக்காரர்கள் ஏதாவது செய்வது என்று முடிவெடுத்தோம். பிரான்சில் குடியேறிவிட்ட என் பள்ளித் தோழன் லூயியிடம் பேசினேன். அவனும் அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து உதவுவதாகச் சொன்னார்கள். நாங்கள் முதலில் செய்த காரியம் குடும்பத்துக்கு ஒரு அரிசி மூட்டை. படம் எடுத்து அனுப்பினோம். லூயி பாராட்டினான்.

மறு வாரம் போனால் குடிசைகள் இல்லை. அரிசி மூட்டைகள் மட்டும் டீக்கடைத் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தன. நகர்ந்துகொண்டே இருப்பவர்களால் அவ்வளவு அரிசியைச் சுமக்க முடியாது என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அதில் ஒருவர் கிடங்குக் கழகத்தில் மேலாளராக இருந்தவர். போகிறபோது டீக்கடைக்காரரிடம், வேண்டியபோது வந்து படி படியாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்குப் பெருச்சாளித் தொல்லை. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார்.

அடுத்து, மரத்தடியில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற சரளா டீச்சரைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கினோம். நீலமும் சிவப்புமாக நல்ல பைகள். முதல் நாள் வகுப்புக்குப் பிள்ளைகள் பைகளை மாட்டிக்கொண்டு வந்தபோது, பாதிப் பைகளிலிருந்து ஆட்டுக்குட்டிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. பிறந்து ஓரிரு நாளான குட்டிகள் நடக்காது. தூக்கித்தான் வர வேண்டும். இதற்கென்றே யாரோ தைத்ததுபோல் பை அமைந்துவிட்டது. "குட்டிக்கு ரொம்ப வசதிய்யா, காத்தோட்டமா இருக்கு" என்று ஒரு பையன் எனக்கு நன்றி சொன்னான்.

இதற்குப் பிறகுதான் சரளா டீச்சர் பொறுப்பை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மூட்டையும் வேண்டாம், பையும் வேண்டாம், மத்தியானம் சுடுசோறு போடுவோம், சோற்றுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் எழுத்து என்றார். ஒரு வயல்காரர் காலிக் கிடங்கைக் கொடுத்தார். சோறும் எழுத்தும் நடந்தன.

பூமயிலுக்கு ஒரு வேன்

காளியம்மாளின் மகள் பூமயில் சொந்த ஊரில் அத்தை வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அத்தை திருப்பூருக்குப் பிழைக்கப் போனதும் படிப்பு நின்றது. ஆட்டுக்குட்டிகளோடு வந்துவிட்டாள். கிடங்கில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ சொல்வது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தாள். கரும்பலகையில் டீச்சர் ஒரு எழுத்தை விட்டுவிட்டால் மெல்ல எழுந்து போய்ச் சேர்த்துவிட்டு வருவாள்.

டீச்சர் பக்கத்து அரசுப் பள்ளியில் பேசினார். அங்கே தலைமையாசிரியை நல்லவர். ஆறாம் வகுப்பில் உட்காரட்டும், முழுப்பரீட்சை எழுதட்டும், எழுதிவிட்டால் ஜூனில் விடுதியோடு உள்ள பள்ளியில் ஏழாம் வகுப்புச் சேர நானே எழுதித் தருகிறேன் என்றார். எழுதாவிட்டால் மறுபடியும் குட்டி மேய்ப்புதான்.

பூமயில் போகத் தொடங்கினாள். சில நாள்தான். அதற்குள் கிடை தள்ளிப் போய்விட்டது. புதிய இடத்திலிருந்து பள்ளிக்கு நடக்க வேண்டுமென்றால் மணல் லாரி ஓடும் பெரிய சாலையில் நடக்க வேண்டும். காளியம்மாள் முடியாது என்றார். வேன் வந்தால் அனுப்புகிறேன், நடத்தி அனுப்ப மாட்டேன். நியாயமான பேச்சு. சின்னப் பிள்ளைகளைக் கிடங்குக்குக் கூட்டி வரவும் வேன் தேவைப்பட்டது. எவ்வளவு தூரம்தான் நடப்பார்கள்?

லூயியிடம் வேன் கேட்டேன். அவன் உடனே சரி என்றான். ஆனால் அங்கே உள்ளவர்களிடம் சொல்ல அவனுக்கு ஓர் எண் வேண்டும். எத்தனை பிள்ளைகள்? அந்த எண் இல்லாமல் மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

எத்தனை என்று என்னிடம் ஒருவன் கேட்கிறான். என் வாழ்க்கையில் இதைவிட எளிதான கேள்வியை யாரும் கேட்டதில்லை. மறுநாள் மத்தியானமே விரலை நீட்டிக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றேன்.

அதன் பலனைத்தான் முதலில் சொன்னேன்.

"இம்புட்டுத்தான்னு ஆயிப்போகும்"

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கிடைக்குப் போனேன். வழியெல்லாம் பூமயிலின் பரீட்சையை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று புலம்பிக்கொண்டு போனதில், ஆட்டோக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வேகமாக ஓட்டினார்.

மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பும் நேரம். தாய்களும் குட்டிகளும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் சத்தத்தில் என் மன்னிப்பை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. காளியம்மாள் ஒரு குட்டியைத் தூக்கி அதன் தாயிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆட்டுப்பால் டீ கொடுத்தார். பூமயில் ஒரு தட்டி மறைவில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கம் திரும்பவே இல்லை.

எண்ணினால் கண் பட்டுவிடும் என்று பயமா என்று கேட்டேன்.

"கண்ணெல்லாம் இல்லைய்யா. எண்ணிப்புட்டா இம்புட்டுத்தான்னு ஆயிப்போகும். பெருகுற பொருளை இம்புட்டுத்தான்னு சொல்லலாமா?"

நான் எண்ணிய தென்னைகளும் படகுகளும் கிணறுகளும் கண்முன் வந்து போயின. எல்லாவற்றையும் நான்தான் இம்புட்டுத்தான் என்று சொல்லி முடித்து வைத்தேனோ என்று ஒரு கணம் கலங்கிப்போனேன்.

பிறகு சுதாரித்துக்கொண்டு, ஓர் ஆடு காணாமல் போனால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முகம் தெரியாதா என்றார். சரி, தப்பே வராதா என்று விடாமல் கேட்டேன். காளியம்மாள் சிரித்துவிட்டார். போன வருஷம் வேறொரு கிடையின் ஆடு ஒன்று இவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டதாம். நாலு மாதம் கழித்து அதன் சொந்தக்காரர் வந்து காதைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்ததாம். "அதுக்குள்ள அது எங்க முகமாயிருச்சு" என்றார்.

வேன் விஷயத்தைச் சொன்னேன். எண் இல்லாமல் வேன் இல்லை. காளியம்மாள் தட்டிப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"வேனும் வேணும். எண்ணவும் கூடாது. நீங்க படிச்சவுக, பாத்துச் செய்யுங்க" என்றார்.

மறுநாள் பிள்ளைகள் சாப்பிட வந்தார்கள். விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளும்படி சரளா டீச்சர் எனக்கு உத்தரவு போட்டிருந்தார்.

பார்த்துச் செய்ய நான் எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. கழுவிய தட்டுகளை எண்ணலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். என் கழுத்து மேலும் கீழும் அசைவதைக் காளியம்மாள் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் உபரித் தட்டுகளையும் அவற்றோடு கலந்து அடுக்கிவிட்டுப் போனார். பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கூப்பிடலாம், கூப்பிடுவது வேறு, எண்ணுவது வேறு என்றார். ஆனால் பிள்ளைகளுக்குப் பேர் விளையாட்டாகிவிட்டது. திங்கட்கிழமை கருப்பையாவாக இருந்தவன் செவ்வாய்க்கிழமை விஜய். ஒருத்தி தன் பேர் வெள்ளச்சி என்றாள். விசாரித்தால் வெள்ளச்சி அவள் பைக்குள் இருந்தது.

லூயிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஊரையே எண்ணின பயலுக்கு ஒரு பந்தியை எண்ண முடியலையாடா?"

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வருவதாகவும், நேரில் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதாகவும் சொன்னான். கண்ணால் பார்ப்பேன், வாயால் எண்ண மாட்டேன் என்று சத்தியம் செய்தான். பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. பூமயில் குட்டிகளோடு இருந்துகொண்டே, டீச்சர் கொடுத்தனுப்பும் பாடங்களை எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பள்ளிக்குப் போகாத பிள்ளையைப் பரீட்சையில் உட்கார வைக்க அந்தத் தலைமையாசிரியையாலும் முடியாது.

லூயி வந்தான்

வெள்ளைக் கால்சட்டை, ஓலைத் தொப்பி, கையில் தடி. காரை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிடங்குக்குள் வந்தான். காளியம்மாளுக்கு அது பிடித்திருந்தது. வாசலில் நின்றபடி வணக்கம் சொன்னார்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தான். பிள்ளைகளோடு பேசினான். ஓர் ஆட்டுக்குட்டியின் காதைத் தடவினான். தண்ணீர் ஊற்றினான். அன்று எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். உப்பை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். பந்தி நிறைந்து, பிள்ளைகள் தட்டுக்கு முன்னால் காத்திருந்தபோது அவன் கண் கலங்கியது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையின் முதலில் இருந்த சிறுமியின் தலையில் கை வைத்தான்.

"அன்."

அடுத்த தலை. "தே." அடுத்தது. "த்ருவா."

எனக்கு வியர்த்துவிட்டது. நாங்கள் படித்த பள்ளியில் எண்ணக் கற்றுக்கொடுத்ததே பிரெஞ்சில்தான். தப்பினால் பிரம்பு. வேறு எந்த மொழி மறந்தாலும் எண்ணக் கற்றுக்கொண்ட மொழி வாயை விட்டுப் போவதில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியம் செய்தது மனசு, எண்ணியது வாய்.

"காத்ர். சேங்க்."

பிள்ளைகள் அது ஏதோ வாழ்த்து என்று நினைத்துவிட்டார்கள். கை வருவதற்கு முன்பே தலையை முன்னால் நீட்டினார்கள். ஒருவன் "த்ருவா, த்ருவா" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தான். தொட்டு முடித்த பிள்ளைகளில் சிலர் எழுந்து ஓடி, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார்கள். இன்னொரு முறை தொடுவான் அல்லவா?

காளியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சொல்றாரு அந்த ஐயா?"

ஆசீர்வாதம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. வேன் கிடைக்கும், பரீட்சை நடக்கும். சொல் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அப்போது கிடங்கின் தூணோரம் உட்கார்ந்திருந்த பூமயிலைப் பார்த்தேன். அவள் லூயியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு சொல், எந்தச் சொல்லும் இரண்டாம் முறை வரவில்லை. ஆறாம் வகுப்புக்காரிக்கு அது என்னவென்று புரியாமல் இருக்குமா?

"எண்ணுறாரும்மா" என்றேன். "பிரெஞ்சுல எண்ணுறாரு."

இதோ, மறுபடியும் எந்திரிங்க என்ற குரல் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. கண்ணைத் திறந்தபோது காளியம்மாள் ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டு பந்தியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் இடம் பண்ணிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நீங்களும் வாங்க. வெரசா."

எனக்கு முட்டி மடங்காது என்றேன்.

"யாவாரி வந்து ஆட்டை எண்ணுறப்ப நாயையும் பத்தி உள்ள விட்டுருவோம். கணக்குத் தப்பிப்போச்சுன்னா அது கணக்கே இல்ல. உக்காருங்கய்யா, அவரு வந்துட்டாரு."

தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முட்டி போட்ட சத்தத்துக்கு ஒரு குட்டி பதில் சொன்னது. சரளா டீச்சர் கரண்டியும் கையுமாக எனக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்தார். காளியம்மாள் நாக்கைச் சொடுக்கினார். வாசலில் படுத்திருந்த கிடை நாய் எழுந்து வந்து, பழக்கப்பட்ட விருந்தாளிபோல் பூமயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

லூயி கண்ணை அரைவாசி மூடியபடி வந்துகொண்டிருந்தான். காளியம்மாளின் முன்னால் கை தலைக்குப் போகாமல் நின்றது. கும்பிட்டான். கும்பிட்டபடியே எண்ணைச் சொன்னான். அடுத்து என் வழுக்கையில் கை வைத்தான். ஒரு நொடி தயங்கினான். தலைமுடியின் குறைவு அவனுக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தான். நானும் பார்த்தேன்.

என்னையும் ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். டீச்சர் ஓர் எண். பூமயில் ஓர் எண். நாயின் தலையையும் தொட்டான். அதுவும் ஓர் எண்.

அதற்குள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யார் எழுந்து யார் உட்கார்ந்தார், எத்தனை பேர் எத்தனை முறை தலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் உத்தியோக காலம் முழுவதிலும் இப்படி ஒரு பாழாய்ப்போன கணக்கெடுப்பை நான் பார்த்ததில்லை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

காரில் ஏறும்போது லூயி, "நாற்பத்தொன்று. சரியாடா?" என்று கேட்டான்.

சரியில்லை என்றேன். நான் இருக்கிறேன், டீச்சர் இருக்கிறார், அந்த அம்மா இருக்கிறார், இரண்டு முறை வந்தவர்கள் இருக்கிறார்கள், நாய் இருக்கிறது. திருத்தலாம் என்றால் எதைக் கழிப்பது என்று தெரியவில்லை.

லூயி கொஞ்சம் யோசித்தான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, அப்படியே எழுதிவிடுகிறேன் என்றான். நாற்பத்தொன்று, ஒரு நாய் உட்பட. அங்கே உள்ளவர்கள் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, பெரிய வேனாகவே பார்க்கச் சொன்னதாகப் பிறகு தகவல் வந்தது. நாய்க்கும் ஏதாவது போடுங்கள் என்று ஒருவர் தனியாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

சன்னலோரம்

பரீட்சைக்கு முன்பே வேன் வந்துவிட்டது. அந்தக் காலையில் நான் விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். டயர் தேய்ந்திருக்குமோ, டிரைவர் வேகமாகப் போவாரோ என்றெல்லாம் கவலை. டயர் நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் என்னைவிடப் பயந்த சுபாவம். வரப்புச் சாலையில் நடப்பவர்களை முந்தக்கூட ஹாரன் அடித்து அனுமதி கேட்டார்.

குடிசைகளுக்குப் பக்கத்தில் வேன் நின்றது. சின்னவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி உள்ளே போனார்கள். சரளா டீச்சர் கதவோரம் நின்று அன்றைய பேர்களைக் கேட்டுக் கேட்டு ஏற்றினார். பூமயில் சீருடையில் இருந்தாள். டீச்சர் தன் தங்கை மகளுடையதை வாங்கிச் சின்னதாகத் தைத்துக் கொடுத்திருந்தார். இடுப்பில் ஊக்கு. தலையில் எண்ணெய் வழிந்தது. ஏறுவதற்கு முன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். காளியம்மாள், போ போ என்று கையை மட்டும் அசைத்தார்.

வேன் கிளம்பியது. வயல்களைச் சுற்றிக்கொண்டு பெரிய சாலைக்குப் போகும் வரை தெரிந்தது. காளியம்மாள் புழுதியில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணல் லாரி அந்தப் பக்கம் போனது. அவர் கை முந்தானை நுனியைச் சுருட்டத் தொடங்கியது. சுருட்டிப் பிரித்து, மறுபடி சுருட்டினார்.

"ஐயா" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எத்தனை ஏறுச்சு?"

கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இருவரும் வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எண்ணலைம்மா" என்றேன். "பூமயில் ஏறியிருக்கா. சன்னலோரம் உக்காந்திருக்கா."